அழித்தாலும் மறுகா வரும் மென்பொருள்: வீட்டுக் கணினியிலிருந்து முழுதாக நீக்குவது எப்படி

"நான் அத அழிச்சிட்டன் தம்பி. மறுகா மறுகா வந்து நிக்குது."

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா, முன்பள்ளி ஆசிரியை, தன் லெப்டொப்பை எங்கள் வீட்டு மேசையில் வைத்தபடி சொன்னது இது. கட்டாரில் இருக்கும் அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த லெப்டொப். திறந்தவுடன் வலது பக்க மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பி, கணினியில் ஐந்து வைரஸ் இருப்பதாகச் சொன்னது. குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வந்தது. டெஸ்க்டொப்பில், கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு மென்பொருளின் சின்னம் இருந்தது. அதைத்தான் அக்கா ஒவ்வொரு நாளும் ரீசைக்கிள் பின்னுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கணினியைப் போட்டால் அது பழைய இடத்திலேயே இருந்தது.

கணினிக்குப் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். டெஸ்க்டொப்பில் தெரியும் சின்னம் கடையின் பெயர்ப்பலகை மட்டும்தான். பலகையைக் கழற்றினால் கடை காலியாகாது. மென்பொருள் வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில் இல்லை. ஒரு துண்டு புரோகிராம் கோப்புறையில், ஒரு துண்டு பிரவுசருக்குள், இன்னொரு துண்டு 'ஒவ்வொரு நாளும் என்னைத் திரும்பப் போடு' என்று விண்டோஸுக்குக் கொடுத்து வைத்த கட்டளையாக. படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்குக் கோரையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இலையைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும், சில நாளில் திரும்ப முளைக்கும். இங்கேயும் கிழங்கைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் "விண்டோஸ் அடிக்கணும்", அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும், என்று முடித்துவிடுவார்கள். பத்தில் எட்டுத் தடவை அது தேவைப்படாது என்பது என் அனுபவம். ஒரு பின்னேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்து முடிக்கலாம். கீழே சொல்லும் வேலைகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். சில பெயர்கள் மட்டும் மாறும், அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் திகதியைப் பிடியுங்கள்

நான் யாருடைய கணினியைத் திறந்தாலும் முதல் கேட்கும் கேள்வி, "இது எப்ப தொடங்கினது?" என்பதுதான். நோயாளியிடம் டொக்டர் கேட்பதுபோல. திகதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் விண்டோஸ் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் திகதி போட்டு வைத்திருக்கிறது.

அக்காவுக்குச் சரியான நாள் ஞாபகம் இல்லை. "கலைவிழா அழைப்பிதழ் அடிச்ச கிழமை" என்றார். சரி, அது போதும். குரோமைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்தினால் இதுவரை தரவிறக்கிய எல்லாம் திகதிவாரியாக வரும். அந்தக் கிழமைக்குப் போனோம். அழைப்பிதழுக்குப் பாமினி என்ற தமிழ் எழுத்துரு வேண்டுமென்று அவர் தேடியிருக்கிறார். ஒரு தளத்தில் பெரிய பச்சை நிற 'டவுன்லோட்' பட்டன் இருந்திருக்கிறது. அதை அழுத்தியிருக்கிறார். அது எழுத்துருவுக்கான பட்டனே இல்லை, விளம்பரம். உண்மையான இணைப்பு அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்துரு என்பது ஒரு சின்னக் கோப்பு, அதன் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து 'டிடிஎஃப்' என்ற மூன்று எழுத்து இருக்கும். அக்காவின் கோப்பின் கடைசியில் இருந்தது 'ஈஎக்ஸ்ஈ'. அது எழுத்துரு அல்ல, ஓடக்கூடிய புரோகிராம். எழுத்துரு, வினாத்தாள், படம், பாட்டு எதைத் தேடினாலும் கையில் ஈஎக்ஸ்ஈ வந்து நின்றால் அதைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். கடைசி எழுத்துகள் உங்கள் கணினியில் தெரியாமல் இருக்கலாம். விண்டோஸ் 11 என்றால் கோப்புறைச் சாளரத்தின் மேலே 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 10 இல் 'வியூ' பகுதியிலேயே அந்தப் பெட்டி இருக்கும். இதை எல்லா வீட்டுக் கணினியிலும் இன்றைக்கே செய்துவைக்கலாம்.

திகதியைக் கண்டுபிடித்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அக்காவின் தாளில் 17 என்று எழுதினோம். மிச்ச வேலை முழுவதும் அந்த 17 ஐத் தேடிப் போவதுதான்.

தொடங்குமுன்

படங்கள், பாடக் குறிப்புகள், கணக்குக் கோப்புகள் இருந்தால் பென் டிரைவுக்கு ஒரு பிரதி எடுங்கள். ஈஎக்ஸ்ஈ கோப்புகளைச் சேர்த்து எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு மீட்புப் புள்ளி. ஸ்டார்ட்டில் 'ரீஸ்டோர் பொயின்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட்' வரும். திறக்கும் பெட்டியில் சி டிரைவுக்கு எதிரே 'ஓஃப்' என்று இருந்தால், 'கொன்ஃபிகர்' அழுத்தி முதலில் அதைப் போட்டுவிடுங்கள். பிறகு 'கிரியேட்' அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். தவறான எதையாவது நீக்கி விண்டோஸ் குழம்பினால் இந்த இடத்துக்குத் திரும்பலாம். இது உங்கள் கோப்புகளின் பிரதி அல்ல, விண்டோஸின் அமைப்புகளுக்கு மட்டும்தான். அதனால் பென் டிரைவ் வேலையை இதைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள்.

கார்த்திகை, மார்கழி மழை நேரத்தில் கரண்ட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பட்டரிப் பெட்டி) இல்லாமல் மழை இரவில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். நீக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி நீங்கி, பாதி நிற்கும். அந்தப் பாதியை எடுப்பது முழுதை எடுப்பதைவிடக் கஷ்டம்.

பட்டியலிலிருந்து நீக்குதல்

ஸ்டார்ட்டில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டோல்ட் எப்ஸ்' என்பதைத் திறவுங்கள். விண்டோஸ் 10 இல் இதன் பெயர் 'எப்ஸ் அன்ட் ஃபீச்சர்ஸ்'. கணினியில் இருக்கும் எல்லா மென்பொருளும் பட்டியலாக வரும். மேலே 'சோர்ட் பை' என்ற இடத்தில் நிறுவிய திகதிப்படி அடுக்கச் சொல்லுங்கள்.

அக்காவின் பட்டியலில் 17 ஆம் திகதியில் நான்கு பெயர்கள் வரிசையாக நின்றன. வேகமாக்கித் தரும் மென்பொருள், ஒரு தேடல் உதவியாளர், வானிலை சொல்லும் ஒன்று, பெயரைப் பார்த்து என்னவென்றே சொல்ல முடியாத இன்னொன்று. ஒரு பட்டனை அழுத்தியதற்கு நான்கு பேர் வந்திருக்கிறார்கள். நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போகும் பெட்டிகளில், ஏற்கெனவே சரி போட்ட சின்னக் கட்டங்கள் வழியாகத்தான் இவை உள்ளே வருகின்றன. 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்ட்' என்பதைத் தெரிவு செய்தால் அந்தக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம்.

திகதியை மட்டும் நம்பி எல்லாவற்றையும் நீக்கவும் கூடாது. சில நல்ல மென்பொருள்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அவற்றின் திகதியும் மாறிவிடும். 'மைக்ரோசொப்ட் விசுவல் சி பிளஸ் பிளஸ்' என்று தொடங்கி 2008, 2010, 2013 என்று வருடத்தோடு நிற்கும் பல வரிகள் இருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, குப்பை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். வேறு மென்பொருள்கள் அவற்றின் மேல்தான் ஓடுகின்றன. 'டொட் நெட்', 'வெப்வியூ2', இன்டெல், ரியல்டெக் என்று வருபவற்றையும் தொட வேண்டாம். ரியல்டெக்கை நீக்கிவிட்டு, சத்தம் வரவில்லை என்று கொண்டு வந்தவர்கள் உண்டு. பெயர் தெரியாவிட்டால், இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீக்க வேண்டியதன் எதிரே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி 'அன்இன்ஸ்டோல்' கொடுங்கள். விண்டோஸ் 10 இல் பெயரின் மேல் கிளிக் செய்தாலே அந்தப் பட்டன் வரும். இதற்குப் பிறகு வரும் பெட்டியை மட்டும் மெதுவாக வாசிக்க வேண்டும். அக்காவின் கணினியில் வந்த பெட்டியில், நடுவில் பெரிய பச்சைப் பட்டன், 'வைத்திரு' என்ற பொருளில். அதன் கீழே, பின்னணியோடு கலந்துபோகும் சாம்பல் நிறத்தில், பட்டன் போலவே இல்லாத ஒரு வரி, 'எப்படியும் நீக்கு' என்று. அதை அழுத்தினால், "இலவசமாக ஒரு மாதம் தருகிறோம், இருங்கள்" என்று இன்னொரு பெட்டி. அதிலும் பச்சை 'சரி', சாம்பல் 'வேண்டாம்'. மூன்றாவது பெட்டியில் வேறொரு மென்பொருளைப் போடவா என்று கேட்டது. அக்கா இதற்கு முன்பு ஒருமுறை இந்த வழியாக வந்து, பச்சையை அழுத்தி, நீங்கிவிட்டது என்று நம்பியிருக்கிறார். நிறத்தைப் பார்க்க வேண்டாம், எழுத்தை வாசியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அவசரமே இல்லை, அந்தப் பெட்டி காத்திருக்கும்.

நான்கையும் நீக்கியதும் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' செய்து திரும்பப் போடுவது இதற்குச் சமம் அல்ல. விண்டோஸ் சீக்கிரம் திறப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்தான் முழுதாக அணைத்துத் திறக்கும். 'அடுத்த முறை திறக்கும்போது அழி' என்று குறித்து வைக்கப்பட்ட கோப்புகளும் அப்போதுதான் போகும்.

சில மென்பொருள்கள், தாங்கள் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி நீங்க மறுக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். அதில் அந்தப் பெயரில் வலது கிளிக், 'எண்ட் டாஸ்க்', உடனே திரும்ப நீக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் 'சேஃப் மோட்' இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று போய், கடைசியாக வரும் பட்டியலில் 4 ஐ அழுத்துங்கள். விண்டோஸ் தனக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு திறக்கும், வேண்டாதது ஓடாது. ஒன்று மட்டும்: சில மென்பொருள்களை நீக்குவதற்குத் தேவையான விண்டோஸின் ஒரு சேவை சேஃப் மோடில் வேலை செய்யாது. அங்கே 'அன்இன்ஸ்டோல்' பிழை காட்டினால் பயப்படாமல், அடுத்துச் சொல்லும் கோப்புறை வேலையை மட்டும் அங்கே செய்துவிட்டு வழமையான நிலைக்குத் திரும்புங்கள்.

கிழங்கைத் தேடுதல்

பெரும்பாலான வழிகாட்டிகள் மேலே சொன்னதோடு நின்றுவிடும். அக்காவின் கணினியிலும் அதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த நாள் காலை எல்லாம் திரும்ப வந்திருக்கும். இனி வருவதுதான் முக்கியம்.

டாஸ்க் மனேஜரில் 'ஸ்டார்ட்டப்' என்ற பகுதியைத் திறவுங்கள். விண்டோஸோடு சேர்ந்து தானாக எழும்பும் மென்பொருள்கள் அங்கே இருக்கும். தெரியாத பெயரில் வலது கிளிக் செய்து, முதலில் 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். அது எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். அந்தக் கோப்புறையைக் குறித்துக்கொண்டு, திரும்ப வந்து 'டிசேபிள்' கொடுங்கள். இன்னும் எதையும் அழிக்க வேண்டாம்.

அடுத்தது 'டாஸ்க் ஷெட்யூலர்'. ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். இப்படி ஒரு இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது, வேண்டாத மென்பொருள்கள் ஒளிந்திருக்க மிக விரும்புவதும் இங்கேதான். 'இன்ன நேரத்துக்கு இன்ன புரோகிராமைப் போடு' என்ற கட்டளைகளை விண்டோஸ் இங்கே வைத்திருக்கிறது. இடப்பக்கம் 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி' என்பதைக் கிளிக் செய்தால் நடுவில் பட்டியல் வரும். அதை வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் 'கிரியேட்டட்' என்ற நிரல், உருவாக்கிய திகதியோடு இருக்கும். நம் தாளில் எழுதிய எண் இங்கேயும் உதவும்.

அக்காவின் பட்டியலில் 17 ஆம் திகதியில் ஒரு வரி இருந்தது. பெயரில் 'அப்டேட்' என்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வராது. அதைக் கிளிக் செய்து கீழே 'எக்ஷன்ஸ்' பகுதியைப் பார்த்தேன். ஓட வேண்டிய கோப்பு, 'எப்டேட்டா' கோப்புறைக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளைக் கோத்த பெயருள்ள ஒரு கோப்புறையில் இருந்தது. 'ட்ரிகர்ஸ்' பகுதியில், கணினியில் நுழையும் ஒவ்வொரு தடவையும் ஓட வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொரு நாளும் சின்னம் திரும்ப வந்த கதை அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. நான் அதைக் காட்டியபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப என்ட பிழை இல்லயா?" என்று கேட்டார். இல்லை. இரண்டு மாதம் தன்னுடைய கை ராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படி ஒரு வரியைக் கண்டால் வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். நன்றாக நிச்சயமானால் 'டிலீட்'. கூகுள், எட்ஜ், 'வன்ட்ரைவ்' (மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்பு), பிரிண்டர் கம்பனியின் பெயரில் உள்ளவை பொதுவாகச் சரியானவை, ஆனால் அவற்றிலும் 'எக்ஷன்ஸ்' பகுதியைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். 'மைக்ரோசொப்ட்' என்ற கோப்புறைக்குள் இருப்பவை விண்டோஸின் சொந்த வேலைகள், அவற்றை அப்படியே விடுங்கள்.

இப்போது கோப்புறைகள். சி டிரைவில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கும், ஒன்றின் பின்னால் அடைப்புக்குறிக்குள் எக்ஸ் 86 என்று இருக்கும். இரண்டிலும் பாருங்கள். மறைந்திருக்கும் இடங்கள் இன்னும் இரண்டு: சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா', உங்கள் பெயரிலுள்ள கோப்புறைக்குள் 'எப்டேட்டா'. அவற்றைப் பார்க்க, 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். எப்டேட்டாவுக்குள் 'லோக்கல்', 'லோக்கல்லோ', 'ரோமிங்' என்று மூன்று அறைகள். வேண்டாத மென்பொருளுக்கு இது மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் இங்கே தன்னைப் போட்டுக்கொள்ள நிர்வாகி அனுமதி தேவையில்லை, கடவுச்சொல் கேட்கும் பெட்டியே வராது. திகதிப்படி அடுக்கி, நீக்கிய நான்கின் பெயரிலோ, ஷெட்யூலரில் கண்ட பெயரிலோ உள்ள கோப்புறைகளை மட்டும் அழியுங்கள். 'கோப்பு பாவனையில் இருக்கிறது' என்று வந்தால், டாஸ்க் மனேஜரில் அதை நிறுத்திவிட்டு அழியுங்கள். பெயர் தெரியாத மற்றக் கோப்புறைகளை விட்டுவிடுங்கள். உங்கள் பிரவுசரின் கடவுச்சொற்கள்கூட எப்டேட்டாவுக்குள்தான் இருக்கின்றன.

ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு, பற்றிக் கேட்பீர்கள். இணையத்தில் பல பேர் அதைத் திறந்து தேடி அழிக்கச் சொல்வார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஓடக் கோப்பு இல்லாமல் ரெஜிஸ்ட்ரியில் தங்கும் சில வரிகளால் கணினி மெதுவாகாது, ஆனால் ஒரு வரியைப் பிழையாக அழித்தால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' மென்பொருள்களும் வேண்டாம். அவற்றை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட்டே சொல்லியிருக்கிறது.

பிரவுசர் தனி வேலை

சிவப்புப் பெட்டி இன்னும் வந்துகொண்டிருந்தது. அது வைரஸ் எச்சரிக்கையே அல்ல, ஒரு இணையத்தளம் அனுப்பும் அறிவித்தல். எப்போதோ ஒரு தளத்தில் 'எலவ்' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறார், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும். அந்த அனுமதியை வைத்துத்தான் பயமுறுத்தல் வருகிறது. குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாதவற்றை நீக்குங்கள். பெட்டி அந்த நிமிடமே நின்றுவிடும். வைரஸ் எச்சரிக்கை வருகிறது என்று சொல்லி வருபவர்கள் பலருக்கு இது ஒன்று மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது.

பிறகு நீட்சிகள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள். மூன்று புள்ளி, 'எக்ஸ்டென்ஷன்ஸ்', 'மனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்'. நீங்களே போட்டதாக ஞாபகம் இல்லாத எதையும் 'ரிமூவ்' செய்யுங்கள். ரிமூவ் பட்டனே இல்லாமல் ஒரு நீட்சி இருந்தாலோ, மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தாலோ கவனம். பாடசாலைக் கணினியில், அலுவலகக் கணினியில் அது வழமை. வீட்டுக் கணினியில் இருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனம்போல நின்று குரோமுக்குக் கட்டளை போட்டிருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் அப்படிச் செய்யும். அதை எடுக்கும் வழி அடுத்த பகுதியில் வருகிறது.

செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்ற வசதியும் உண்டு. தேடுபொறி, முதல் பக்கம் எல்லாம் பழையபடி வரும், நீட்சிகள் நிறுத்தப்படும். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் அழியாது. அதே கூகுள் கணக்கை மகனின் கணினியிலோ வேறு எங்கோ பாவித்தால் அங்கேயும் நீட்சிகளைப் பாருங்கள், ஒத்திசைவு வழியாக அங்கிருந்து இங்கே திரும்ப வரக்கூடும்.

இன்னொரு சின்ன இடம். டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் சின்னத்தில் வலது கிளிக், 'புரொப்பட்டீஸ்'. 'டார்கெட்' என்ற கட்டத்தின் கடைசிக்குப் போங்கள். அது பொதுவாக ஈஎக்ஸ்ஈ என்று முடியும். அதற்குப் பின்னால் ஓர் இணையத்தள முகவரி ஒட்டியிருந்தால், குரோம் திறக்கும்போதெல்லாம் அந்தத் தளம் வருவதற்குக் காரணம் அதுதான். முகவரியை மட்டும் அழித்துவிட்டு 'ஓகே' கொடுங்கள்.

கடைசிச் சல்லடை

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பே வீட்டுக்குப் போதும். 'விண்டோஸ் செக்யூரிட்டி', 'வைரஸ் அன்ட் திரெட் புரொடெக்ஷன்', 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' என்று போய் 'ஓஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் எழும்புமுன் தேடும். 15 நிமிடம் அளவில் முடியும், பழைய கணினியில் இன்னும் கொஞ்சம் போகலாம். அதன் பிறகு 'எப் அன்ட் பிரவுசர் கொன்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யுட்டேஷன்' என்று தொடங்கும் அமைப்பைத் திறந்து, வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்ட் முதல் விண்டோஸ் 10 இல் இதைத் தானாகவே போட்டுவிட மைக்ரோசொப்ட் முடிவெடுத்தது, ஆனாலும் யாராவது அணைத்து வைத்திருக்கலாம்.

இரண்டாவது கண்ணாக, மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் 'எட்வ்கிளீனர்' நல்லது. இலவசம், சின்னக் கோப்பு, நிறுவவும் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடி முடித்ததும் பட்டியல் காட்டும், வாசித்துப் பார்த்து, வேண்டாதவற்றை 'குவாரன்டீன்' (ஓடாதபடி தனியே அடைத்து வைத்தல்) செய்யுங்கள். குரோமின் மேல் விழுந்த அந்த 'நிறுவனக் கட்டளை'யை நீக்கும் வசதியும் இதன் செட்டிங்ஸில் உண்டு.

கணினி வாங்கும்போதே கூட வந்து காலம் முடிந்துபோன வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதையும் நீக்குங்கள். அவை ஆழமாக வேரோடியிருப்பதால், அதைத் தயாரித்த நிறுவனங்கள் பெரும்பாலும் நீக்குவதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கின்றன. அதைப் பாவியுங்கள். நீங்கியதும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வரும். ஃபிளாஷ் பிளேயர் இன்னும் இருந்தால் அதையும் நீக்கலாம், அதன் காலம் 2020 டிசம்பர் 31 இல் முடிந்துவிட்டது. இனி ஃபிளாஷ் அப்டேட் கேட்டு வரும் எந்தப் பெட்டியும் பொய்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் தேவை. யாராவது போனில் பேசி, வங்கியிலிருந்தோ கணினிக் கம்பனியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளைப் போடச் செய்திருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு உங்கள் வங்கி அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு போனில் மாற்றுங்கள். மென்பொருளை நீக்குவது அதற்குப் பிறகு.

இதற்கும் அடங்காவிட்டால்

ஒரு கிழமை கழித்து அதே பட்டியல், அதே ஷெட்யூலர், அதே ஸ்டார்ட்டப் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். ஏதாவது திரும்ப வந்திருந்தால் 'ரீசெட் திஸ் பிசி' தான் வழி. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'ரிகவரி'. விண்டோஸ் 10 இல் 'அப்டேட் அன்ட் செக்யூரிட்டி', 'ரிகவரி'. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போகும். அடுத்த கேள்வியில் 'கிளவுட் டவுன்லோட்' என்றால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகலாம். டொங்கிளில் டேட்டா போட்டுப் பாவிக்கிறவர்கள் 'லோக்கல் ரீஇன்ஸ்டோல்' கொடுங்கள்.

அக்காவின் லெப்டொப்புக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. ஆனால் நீங்கள் ரீசெட் செய்வதானால் அதற்கு முன், சி டிரைவில் 'விண்டோஸ்' கோப்புறைக்குள் 'ஃபொன்ட்ஸ்' என்பதைத் திறந்து, பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். ரீசெட் செய்த கணினியில் பாமினி இருக்காது, பழைய வினாத்தாளும் அழைப்பிதழும் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கிறுக்கலாகத்தான் தெரியும். கோப்பு பழுதாகவில்லை. பென் டிரைவிலிருக்கும் எழுத்துருவில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டோல்' கொடுத்துவிட்டு, கோப்பை மூடித் திரும்பத் திறந்தால் தமிழ் வந்துவிடும். இன்னொரு தடவை பச்சைப் பட்டனைத் தேடிப் போக வேண்டி இருக்காது.